வடிவக்கா குடித்த இரண்டு அமிர்தங்கள்

செய்தி வந்தபோது நான் புனே கட்கி பஜாரில் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கட்டைப் பக்கத்து அம்மாளுக்கு எடுத்து வைத்துவிட்டு வாடியதை என் பையில் திணிக்கப் பார்த்த கடைக்காரரை, எனக்குத் தெரிந்த மராத்தியில் வறுத்துக்கொண்டிருக்கையில் கைப்பேசி அடித்தது. நித்யா. வடிவக்காவின் ஒரே மகள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ், மராத்தி மாடியிலிருந்து படியிறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டுதான் வாசலுக்கு வரும்.

“ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க.”

“எங்க போயிட்டாங்க? இந்த உடம்போட எதுக்கு கண்ணு தனியா விட்டே?”

மறுமுனையில் அந்தப் பெண் தமிழில் சொல் தேடினாள். “அந்த மாதிரி போயிட்டாங்க இல்ல ஆன்ட்டி. திரும்பி வராத போயிட்டாங்க.”

தாயைப் பறிகொடுத்தவளை இலக்கணம் விளக்க வைத்த பெருமை என்னைச் சேரும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல கட்டை எடுத்துப் பையில் வைத்தார். அந்தக் கட்டு இன்னும் என் வீட்டு ஃபிரிட்ஜில் கிடக்கிறது.

இந்த அஞ்சலியை எழுதும்படி தமிழ்ச் சங்கத்தார் என்னைக் கேட்டது அவர்களுடைய துணிச்சல். எனக்குக் கைவந்தது, ஊர் வம்பை உப்புக் காரம் போட்டுச் சங்க மலரில் எழுதுவது. அதைப் படித்துச் சிரிப்பவர்களில் பாதிப்பேர் என் உறவினர்கள். மீதிப்பேர் அடுத்த இதழில் தங்களைப் பற்றி எழுதிவிடக் கூடாதே என்று சிரிப்பவர்கள். வடிவக்கா எந்த வகையிலும் சேராதவர். பிடித்தால் சிரிப்பார், பிடிக்காவிட்டால், “இது தேறாதுட்டி, திருப்பிச் செய்யி” என்பார்.

திருமதி சண்முகவடிவு என்றால் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சங்கத்துப் பொங்கல் விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் தோரணம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்து உட்காருவார். அவர்தான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அக்கா போசரியில் ஓர் எந்திர உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தார். அதே கம்பெனியில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து நானும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “ஏ கோயம்புத்தூரு” என்பார். ஊரையே என் தலையில் கட்டிவிட்டார்.

அவர் கையில் எப்போதும் கேஜ் இருக்கும். இரண்டு முனை உள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஒரு முனை உதிரிபாகத்தின் துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஒருமுறை மாலை லாரியில் ஏற வேண்டிய சரக்கு முழுவதையும் அக்கா ஒதுக்கிவிட்டார். முதலாளியே இறங்கி வந்து, “மேடம், தோடா அட்ஜஸ்ட் கரோ நா” என்று, கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். அக்கா கேஜை அவர் கையிலேயே கொடுத்து, “நீங்களே போட்டுப் பாருங்க சேட். உள்ள போச்சுன்னா நானே லாரியில ஏத்துதேன்” என்றார். முதலாளி போட்டுப் பார்த்தார். உள்ளே போகவில்லை. லாரியும் போகவில்லை.

ஒதுக்கிய ஒவ்வொரு துண்டிலும் காரணம் எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டுவார். காரணம் பிடிபடாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதுவார். “தெரியலைன்னா தெரியலைன்னு எழுதணும்ட்டி. பொய்க் காரணம் எழுதினா அடுத்த லாட்டும் அதே மாதிரிதான் வரும்” என்பார்.

மார்பில் கட்டி இருப்பதை அவர் என்னிடம் சொன்னதும் அந்த ஆய்வு மேசையில் வைத்துத்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, “ஏட்டி, இங்கன ஒரு கட்டி இருக்கு. பட்டாணி மாதிரி இருந்துச்சு. இப்ப நெல்லிக்காயி” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திப் பெண்ணுக்குக் ‘கட்டி’ என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. இந்த ஊரில் பிள்ளைகள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டால் அதற்குப் பெயர் கட்டி. நாம் டூ விடுவது. “யாரோட கட்டி, மேடம்?” என்று கேட்டாள். அக்கா சிரித்துவிட்டு, “என் ஒடம்பு எங்கூட கட்டி விட்டிருக்கும்மா” என்று இந்தியில் சொன்னார். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வராத நகைச்சுவையை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

புற்றுநோய்தான். அறுவை முடிந்தது. கீமோ தொடங்கியது. கூடவே ஊரும் மருந்து கொண்டுவரத் தொடங்கியது.

நோயாளியைப் பார்க்க வருகிறவர் முன்பெல்லாம் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். இப்போது சிகிச்சை கொண்டுவருகிறார். ஒருவர் முள்சீத்தா இலையோடு வந்தார். ஒருவர் கோமியத்தைப் பன்னீர்க் குப்பியில் ஊற்றிக்கொண்டு வந்தார். சர்க்கரையை நிறுத்தினால் நோய் பட்டினி கிடந்து சாகும் என்றார் இன்னொருவர். அந்தப் பட்டியல்படி நடந்தால் நோய்க்கு முன்னால் அக்கா போய்விடுவார் என்று தோன்றியது. சும்மா இருக்க எனக்கு மட்டும் என்ன தலையெழுத்து? வாட்ஸப்பில் படித்துவிட்டு, தட்டில் கோதுமைப்புல் வளர்த்து, சாறு பிழிந்து எடுத்துப்போனேன். அக்கா திரும்பிப் படுத்த நேரத்தில் அதை வீட்டுப் பூனை குடித்துவிட்டு முற்றத்தில் வாந்தி எடுத்தது. “பூனைக்குப் புத்துநோய் இல்லையே, அது எதுக்குட்டி குடிச்சுது?” என்று அக்கா கேட்டார். அதற்கப்புறம் நான் ஆரஞ்சுக்குத் திரும்பினேன்.

எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. மருத்துவமனையிலேயே வாரந்தோறும் மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் போய் வந்த நாட்களில் அக்கா தூங்கினார். ஊசி போட்ட வாரத்தில் இஞ்சிச் சாறு மட்டும் வாந்தியாகாமல் வயிற்றில் நின்றது. ஆனால் மற்றவற்றை ஏன் குடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்க போனா நான் ஒரு பீஸுட்டி. மாட்டுதான், கழட்டுதான், அடுத்த பீஸ வான்னு கூப்பிடுதான். எனக்கு அங்க ஒரு வேலையும் கிடையாது. வீட்டுல நானா கலக்குதேன், நானா ஆத்துதேன், நானா குடிக்கேன். ஒடம்பு எனக்குச் சொந்தம்னு அந்த ஒரு தம்ளருலதான் தெரியுது.”

கொள்முதல் பிரிவு ஆள் நான். யார் ஒப்புதல் கொடுத்தார் என்றுதான் கேட்கத் தெரியும்.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களாங்க்கா?”

“அய்ய, அவருட்டயா?” என்று கையை உதறினார். காரணம் எனக்கும் தெரியும். நானும் அன்று கூட இருந்தேன். எங்களுக்கு முன்னால் உள்ளே போன, தாபோடியிலிருந்து வந்த பெண் ஏதோ ஒரு வேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். “தோ உஸீ கே பாஸ் ஜாவோ!” என்று டாக்டர் போட்ட சத்தம் கதவு தாண்டிக் கேட்டது. அவன்கிட்டயே போ! அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்து உள்ளே போன அக்காவிடம், “வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று டாக்டர் கேட்டார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல்.

“நஹீ” என்றார் அக்கா. முதலாளிக்கு முன்னால் வளையாத நாக்கு அது.

இப்போது இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சுமன்தாயி. கட்கியில் அக்கா வீடும் அவர் வீடும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே. மராத்தியில் தாயி என்றால் அக்கா. என் மாமியார் மட்டும், “அது யாருடீ, உனக்குத் தாய் முறை?” என்று கடைசிவரை குழம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் பார்த்துக்கொண்டவர் சுமன்தாயி. தினமும் காலையில் குள்வேல் கொடியின் தண்டை இடித்துக் கொதிக்க வைத்து, சூடாகத் தம்ளரில் கொண்டுவந்து கொடுப்பார்.

இன்னொருவர் பேச்சி மைனி, வடிவக்காவுடைய கணவரின் அக்காள். தம்பி போன பிறகும் தம்பி பெண்டாட்டியைக் கைவிடாதவர். நோயென்று கேட்டதும் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி, வைத்தியர் இடித்துக் கொடுத்த சீந்தில் சூரணத்தோடு வந்து இறங்கி, அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டார். சாயங்காலந்தோறும் சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்.

“என் மருந்தோட வேற எதையும் சேர்க்கப்பிடாது” என்பது மைனியின் கட்டளை. சுமன்தாயியும் மராத்தியில் அதையேதான் சொன்னார். இரண்டு பேரிடமும் தனித்தனியே, “வேற ஒண்ணும் எடுக்கல” என்று அக்கா சொல்லிவைத்தார். மைனி குளிக்கப் போகும் நேரத்தில் காலைத் தம்ளர் வந்து போய்விடும். “அவ மனசும் கோணப்பிடாது, இவ மனசும் கோணப்பிடாது. ஆளுக்கொரு வேளை. எது வேலை செய்யுதோ செய்யட்டும்” என்று என்னிடம் கண்ணடித்தார்.

கீமோ பாதி வழியில் இருந்தபோது அவர் கண்கள் மஞ்சளாயின. இரத்தம் எடுத்தார்கள். ஈரல் கெட்டிருக்கிறது, அது சரியாகும்வரை ஊசி கிடையாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். மறுபடியும் கேட்டார். அக்கா மறுபடியும் “நஹீ” என்றார். எப்படியாவது சிகிச்சையைத் தடையில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வெறி. இப்போது வாரங்கள் வெறுமனே போய்க்கொண்டிருந்தன. மஞ்சளைக் கண்டு பதறிய சுமன்தாயி தம்ளரைப் பெரிதாக்கினார். பேச்சி மைனி தேக்கரண்டியைக் குவித்தார். அக்கா இரண்டையும் விடாமல் குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அக்கா வாசலில் நாற்காலி போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். முற்றத்து வேப்பமரத்தில் ஒரு கொடி தடித்துச் சுற்றி ஏறியிருக்கும். சுமன்தாயி அரிவாளோடு வந்து அதில் ஒரு முழம் நறுக்கினார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பேச்சி மைனி திரும்பிப் பார்த்தார்.

“ஏளா, இது நம்ம சீந்திக்கொடியில்லா! இம்புட்டு நாளா இங்கனயா கெடந்துச்சு? நான் எதுக்கு ஊருல இருந்து பொடியச் சொமந்துக்கிட்டு வந்தேன்?”

“காய் ம்ஹணதாத்?” என்று சுமன்தாயி என்னைக் கேட்டார். என்ன சொல்கிறார்?

இரண்டு மொழிக்கும் நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளர் நான். என் மராத்தி காய்கறிக்கடைச் சண்டைக்குப் போதும், தாவரவியலுக்குப் பற்றாது. “இந்தக் கொடி அவங்க ஊர்லயும் இருக்காம்” என்று சமாளித்தேன்.

“ஹீ குள்வேல்!” என்றார் சுமன்தாயி பெருமையாக. “அம்ருத் ஆஹே, அம்ருத்!”

அமிர்தம் என்ற சொல்லுக்கு மைனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “அமிர்தமா? ஆமா! எங்கூர்லயும் சீந்திக்கு அமிர்தவல்லின்னுதான் பேரு!” என்று கையிலிருந்த ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சுமன்தாயி ஓர் இலையைக் கிள்ளிக் காட்டினார். மைனி தண்டை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்து, அதே கசப்பு என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை மாதம் ஒரு முற்றத்தில் இருந்தும் பேச மொழியில்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர், திருவிழாவில் தொலைந்துபோன அக்காள் தங்கை போல ஒரே கொடியைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நானும் சிரித்தேன். இதை மலருக்கு எழுத வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ ரெண்டு வேளையும் ஒண்ணையேவா குடிச்சிருக்கேன்?”

மைனியின் சிரிப்பு நின்றது. “ரெண்டு வேளையா? காலையில என்னத்தட்டி குடிச்ச?”

அக்கா சுமன்தாயியைப் பார்த்தார். சுமன்தாயி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் மிகச் சிறியதும் கொடியதும் அதுதான். “சாயங்காலம் மைனியும் இதையேதான் கொடுத்தார்” என்று சொன்னேன். சுமன்தாயி கையிலிருந்த தண்டு கீழே விழுந்தது.

“கோயம்புத்தூரு, நாளைக்கு லீவு போடு” என்றார் அக்கா. “ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

மறுநாள் அந்தத் தம்ளரையும் சூரண டப்பாவையும் கொடியில் ஒரு துண்டையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் மேசையில் மூன்றையும் வரிசையாக வைத்தார். “நான் பொய் சொல்லிவிட்டேன். இவைதான்” என்று இந்தியில் சொன்னார். கத்தப்போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டாக்டர் கத்தவில்லை. அந்தத் தண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கொடி சிலருக்கு ஈரலைக் கெடுக்கக்கூடும், இதை உடனே நிறுத்த வேண்டும் என்றார். “முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“நீங்க நிமிர்ந்து கேட்டிருக்கலாமே, சார்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

நிறுத்திய பிறகு கண்ணின் மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்தது. ஊசியை மறுபடி தொடங்குவதற்கு முன் படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் எலும்புக்குள் போயிருந்தது.

தாமதத்தால் வந்ததா, தாமதமில்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று டாக்டரை நான்தான் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது, ஈரல் கெட்டதற்கேகூட ஊசிமருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார். பேச்சி மைனிக்கு அது ஏறவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தன் கையைத் தானே அடித்துக்கொண்டார். சுமன்தாயி தன் வீட்டு வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். இருவரையும் எதிரில் உட்கார வைத்து, “நீங்கதான் காரணம்னு சொல்ல மாட்டேன், நீங்க காரணமில்லைன்னும் சொல்ல மாட்டேன். காரணம் தெரியல. அம்புட்டுதான்” என்றார். ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலைத் தர அவருக்குத் தெரியவில்லை. சுமன்தாயிக்காக அதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மராத்தியில் மாற்றினேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனால் அக்கா காத்திருக்கும் இடத்தில் சும்மா உட்காரமாட்டார். புதிதாக வந்திருக்கும் பெண்களின் பக்கத்தில் போய் உட்காருவார். “கர் மே க்யா பீதே ஹோ?” என்று காதோடு கேட்பார். வீட்டில் என்ன குடிக்கிறாய்? முடி கொட்டிய அந்தத் தலையைப் பார்த்ததும் அவர்களுக்கு வாய் திறந்துவிடும். கணவனுக்குத் தெரியாத பொட்டலங்கள், மாமியாருக்குத் தெரியாத குப்பிகள் எல்லாம் பைக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கும். அக்கா திட்டவே மாட்டார். “குடிச்சது குடிச்சாச்சு. உள்ள போனதும் மொதல்ல இத மேசையில வச்சிரு. அவரு கத்தினா கத்தட்டும், கத்துததுல ஈரல் கெடாது” என்பார். சிலர் வைத்தார்கள். சிலர் தலையாட்டிவிட்டுப் பையின் வாயை இறுக்கிக்கொண்டு உள்ளே போனதையும் நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

கடைசி வாரங்களில் வலி அவரைப் பேசவிடவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் கேலிச் சொல் எதுவும் இல்லை. ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

கட்கி வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நம் பக்க வழக்கப்படி வாய்க்கரிசி போடப் பேச்சி மைனி கையில் அரிசியோடு வந்தார். தங்கள் பக்க வழக்கப்படி வாயில் துளசித் தீர்த்தம் விட, சுமன்தாயி கிண்ணத்தோடு வந்தார். இருவரும் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கைகளும் அக்காவின் உதடு வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டன. அந்த வாயில் இன்னொரு தடவை எதையும் வைக்க இரண்டு பேராலும் முடியவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் காரணம் புரியவில்லை. யாரோ, “ம், போடுங்கம்மா, நேரமாகுது” என்றார்கள். கைகள் அசையவில்லை.

நித்யா குனிந்து ஒரு கையால் மைனியின் மணிக்கட்டையும் மறு கையால் சுமன்தாயியின் மணிக்கட்டையும் பிடித்தாள்.

“குடுங்க அத்தை. குடுங்க காக்கூ. இனிமே அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

அரிசி உதட்டோரம் தங்கியது. துளசி நீர் உள்ளே இறங்காமல் தாடை வழியாக வழிந்து கழுத்தை நனைத்தது. பேச்சி மைனி முந்தானை நுனியால் அதை ஒற்றி எடுத்தார், பிள்ளைக்கு மருந்து புகட்டிய பிறகு துடைத்துவிடுகிற மாதிரி.

போங்கக்கா. இனிமேல் நாங்கள் யாரும் எதையும் கலக்கிக்கொண்டு வர மாட்டோம்.